தீவார் குணம் என்று ஒன்றில்லை

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளைச் சேர்ந்த தீவகத்தார் கடும் உழைப்பாளிகள், கணக்கில் கெட்டிக்காரர்கள், சிக்கனக்காரர்கள், பிடிவாதக்காரர்கள், தங்களுக்குள் ஒற்றுமையானவர்கள், பிறத்தியாரை இலகுவில் நம்பாதவர்கள். யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கலியாணப் பேச்சில் படிப்பும் உத்தியோகமும் சாதகமும் பொருந்திய பிறகு, பொடியனின் தகப்பன் புங்குடுதீவு என்றோ அனலைதீவு என்றோ தெரியவந்தால், "தீவாரோ? பிழைக்கத் தெரிஞ்ச ஆக்கள்" என்று சபையில் ஒருவர் சொல்வார். அதில் மெச்சலும் இருக்கும், சின்ன எச்சரிக்கையும் இருக்கும். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களின் ஆண்டு மலர்களில் அந்த எச்சரிக்கை கழன்று பெருமை மட்டும் அச்சேறுகிறது. கடல் எங்களை வார்த்தது, உவர்நிலம் எங்களை உரமாக்கியது என்ற பாணியில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

இந்தப் பழைய பேச்சுக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய துணை கிடைத்திருக்கிறது: உளவியல். போர் முடிந்தபின் வடக்கில் பெருகிய பயிற்சிப் பட்டறைகளிலும், கம்பனிகளின் ஆட்சேர்ப்பிலும் ஆளுமை வினாக்கொத்துகள் பழகிப்போய்விட்டன. தன்னை ஒரு நிறமாகவோ நான்கு எழுத்தாகவோ சுருக்கிச் சொல்லும் தாளைக் கையில் வாங்கியவர், அதே சுருக்கத்தை ஊருக்கும் போட்டுப் பார்க்கிறார். "சூழல்தான் ஆளுமையை உருவாக்குகிறது என்று விஞ்ஞானமே சொல்கிறது, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தனிக்குணம் இராதா?" என்று கேட்கிறார்.

இராது. தீவகத்தில் ஆளுமைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தீவக ஆளுமை என்று ஒன்று கிடையாது. இதற்கு நான் அழைக்கும் முதல் சாட்சி, அவர்கள் துணைக்கு அழைக்கும் அதே உளவியல்தான்.

ஆளுமையை உளவியலாளர் எப்படி அளக்கத் தொடங்கினார்கள் என்று பார்ப்போம். 1884இல் பிரான்சிஸ் கால்டன் ஓர் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, மனிதக் குணத்தைச் சொல்லும் சொற்கள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கும் என்று மதிப்பிட்டார். மனிதருக்கு முக்கியமான வேறுபாடுகளுக்கெல்லாம் மொழி ஏற்கெனவே பெயர் வைத்திருக்கும் என்பது அவருடைய ஊகம். 1936இல் கோர்டன் ஓல்போட்டும் ஹென்றி ஓட்பேட்டும் பெரிய அகராதியொன்றை அலசி 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அவற்றில் நிலையான பண்புகளைக் குறிப்பவை என்று 4,504ஐப் பிரித்தார்கள். பின்வந்தவர்கள் எந்தச் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன என்று கணித முறையில் கட்டுக்கட்டாக்கிப் பார்த்தார்கள். ரேமண்ட் கற்றெல் பதினாறு காரணிகளில் நின்றார். 1961இல் அமெரிக்க விமானப் படைக்காக ஆய்வு செய்த டூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் ஐந்தாகக் குறைத்தார்கள். கோஸ்டாவும் மக்ரேயும் அந்த ஐந்தை 240 கேள்விகள் கொண்ட சோதனையாக 1992இல் செப்பனிட்டு வெளியிட்டார்கள். புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனத் தளம்பல் என்று அந்த ஐந்தையும் தமிழில் சொல்லலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த ஐந்தும் அளவுகோல்கள், பெட்டிகளல்ல. யாரையும் "கலகலப்பானவர்" என்ற அறைக்குள் அடைப்பதற்கு அவை செய்யப்படவில்லை. ஒரு கூட்டத்துக்குள் இந்த ஆள் மற்றவரைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று சொல்வதே அவற்றின் வேலை. எல்லோரும் ஒரே புள்ளியில் நின்றால் அளவுகோலுக்கு வேலையே இல்லை. மனிதர் வேறுபடுகிறார்கள் என்பதே ஆளுமை உளவியல் பிறந்ததற்குக் காரணம். ஊரார் எல்லோரும் ஒரே மாதிரி என்று சொல்ல அதைத் துணைக்குக் கூப்பிடுவது முரண்.

பட்டறைகளில் கொடிகட்டிப் பறக்கும் நான்கெழுத்துச் சோதனையின் வரலாறு வேறு. காதரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மயர்ஸ் இருவரும் உளவியல் பயின்றவர்கள் அல்லர். கார்ல் யுங் 1921இல் எழுதிய வகைப்பாட்டை வைத்து, மனிதரைப் பதினாறு வகையாக அவர்கள் பிரித்தார்கள். நடுவில் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் ஒரு சாதி, அந்தப் பக்கம் நிற்பவர் வேறு சாதி என்பது போன்ற வேலை இது. பெரும்பாலானோர் கோட்டை ஒட்டியே நிற்பதால், சில கிழமை கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு நான்கெழுத்து வந்து சேர்கிறது. ஊரை வகைப்படுத்தும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தச் சோதனை இனிப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, சூழல் குணத்தை உருவாக்காதா? இந்தக் கேள்விக்கு நடத்தை மரபியல் தரும் பதில், தீவக் குணத்தை நம்புகிறவர்களுக்கு மிகவும் சங்கடமானது. ஒரே கருவில் பிறந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரையும், இரத்த உறவில்லாமல் ஒரே வீட்டில் வளர்ந்த தத்துப் பிள்ளைகளையும் பல்லாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே வீட்டில், ஒரே தாய் தகப்பன் கையில் வளர்ந்த தத்துச் சகோதரரின் ஆளுமைகளுக்கிடையே ஒற்றுமை கிட்டத்தட்ட இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1987இல் புளோமினும் டானியல்சும் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்புமுனை. ஆளுமை வேறுபாட்டில் பாதியளவு மரபோடு தொடர்புபட்டது. மீதி பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்க்கும் அனுபவங்களோடு தொடர்புபட்டது. பொதுவான வீட்டுச் சூழலின் பங்கு சொற்பம்.

தீவகத்து வீடுகளுக்கு இது புதினமில்லை. மூத்தவன் வாய் திறக்க மாட்டான், இளையவள் ஊரையே விலைபேசுவாள், நடுவிலான் எதையும் பாதியில் விடுவான். மூன்று பேரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள்தான். ஒரு கூரை, ஒரு அடுப்பு, ஒரு தாயின் கண்டிப்பு சேர்ந்து மூன்று பிள்ளைகளை ஒரே குணத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அப்படியிருக்க, கடல் சுற்றியிருக்கிறது என்ற ஒரே காரணம் ஒரு தீவின் ஆயிரக்கணக்கானவர்களை எப்படி ஒரு குணத்தவராக்கும்?

"அப்படியானால் எல்லோரும் ஏன் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்? நெருப்பில்லாமல் புகையுமா?" என்பது அடுத்த வாதம். 2005இல் அந்தோனியோ தெராச்சியானோவும் பல நாட்டுக் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இந்தப் புகையைத்தான் அளந்தது. 49 பண்பாடுகளில், தங்கள் நாட்டு ஆள் பொதுவாக எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பதில்கள் நன்றாகவே ஒத்துப்போயின. அதே நாடுகளில் தனியாட்களிடம் எடுத்த ஆளுமை அளவுகளின் சராசரியோடு அந்தப் பதில்களை வைத்துப் பார்த்தபோது பொருந்தவில்லை. ஊரெல்லாம் ஒரே குரலில் சொல்வது, ஊரெல்லாம் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்ததற்குச் சான்று. அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்கவில்லை.

இங்கே நேர்மையாக ஒரு எதிர்ச் சான்றையும் வைக்க வேண்டும். 56 நாடுகளில் எடுத்து 2007இல் வெளியான இன்னோர் ஒப்பீட்டில், பொறுப்புணர்வில் ஜப்பானியர் அடிமட்டத்துக்கு வந்தார்கள். யாரும் நம்பவில்லை. ஸ்டீவன் ஹைன் என்ற உளவியலாளர் இதற்குக் காரணம் சொன்னார். "நான் பொறுப்பானவன்" என்ற வரிக்குப் புள்ளி போடும் எவரும் தன்னைச் சுற்றியிருப்பவரோடு ஒப்பிட்டே போடுகிறார். எல்லோரும் நேரத்துக்கு வரும் ஊரில் ஐந்து நிமிடம் பிந்துபவர் தன்னைச் சோம்பேறி என்று எழுதுவார். ஹைனும் கூட்டாளிகளும் 2008இல், பொது மணிக்கூடுகளின் துல்லியம், தெருவில் நடக்கும் வேகம், தபால் கந்தோரில் முத்திரை விற்க எடுக்கும் நேரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டபோது, மக்கள் தங்களைப் பற்றிச் சொன்னதைவிட நாட்டுக்கு இருக்கும் பெயரே கூடப் பொருந்தியது.

தீவக் குணக்காரர் இதைத் தூக்கிப் பிடிக்கலாம். பிடிக்குமுன் அங்கே அளக்கப்பட்டது என்ன என்று பார்க்கட்டும். மணிக்கூடு சரியாக ஓடுவதும், தபால் கந்தோரில் வரிசை வேகமாக நகர்வதும் காசும் நிர்வாகமும் உள்ள இடத்தின் அடையாளங்கள். அந்த வேகம் தபால்காரரின் உள்ளத்தில் ஊறியது என்று எவரும் காட்டவில்லை. ஊருக்கு வரும் பெயர், ஊரின் வசதிகளையும் வசதிக்குறைவுகளையும் ஓரளவு சரியாகவே பதிவு செய்யக்கூடும். பிழை அதற்கு அடுத்த படியில் நடக்கிறது: வசதியின் பதிவை எடுத்து ஆட்களின் குணம் என்று பெயர் மாற்றுவதில்.

இதை நெடுந்தீவில் வைத்துப் பார்க்கலாம். புழக்கத்திலுள்ள ஆளுமை வினாக்கொத்துகளில் காணும் வகையான கூற்றுகள் சிலவற்றைத் தமிழாக்கி, அங்கே ஒரு தாயிடம் நிரப்பக் கொடுப்பதாக வையுங்கள். "வேலைகளை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்வேன்." குறிகட்டுவான் துறைக்குப் படகு எப்போது போகும் என்பது இயந்திரத்தையும் காற்றையும் பொறுத்தது, சோழகம் எழும்பிய நாளில் எந்தத் திட்டமும் இறங்குதுறையோடு நின்றுவிடும். அவர் "சில வேளை" என்று புள்ளி போடுவார். பொறுப்புணர்வில் ஒரு புள்ளி போயிற்று. "புதிய இடங்களுக்குப் போவது எனக்குப் பிடிக்கும்." யாழ்ப்பாணம் போவதென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல், பிறகு பஸ், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பயணம் ஒரு நாளை விழுங்கிவிடும். "பிடிக்காது" என்கிறார். புதுமை நாட்டத்தில் இன்னொரு புள்ளி. "எனக்கு இலகுவில் பயம் வரும்." 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகில் உறவை இழந்த குடும்பத்தில் பிறந்தவர் "வரும்" என்று எழுதினால், மனத் தளம்பல் கூடியவர் என்று தாள் தீர்ப்பு எழுதும். "அறிமுகமில்லாதவர்களோடு இலகுவாகப் பழகுவேன்." சீருடைக்காரர் பெயர் கேட்டுக் குறித்துக்கொண்ட காலத்தில் வளர்ந்தவர் அதற்கு என்ன எழுதுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படி எழுதிய தாள்களைக் கூட்டி, "தீவார் திட்டமிடாதவர்கள், புதியதை விரும்பாதவர்கள், பயந்தவர்கள், ஒதுங்கியவர்கள்" என்று ஓர் அறிக்கை எழுதினால் அது எதைச் சொல்லும்? படகுச் சேவையைச் சொல்லும், வைத்தியசாலை இருக்கும் தூரத்தைச் சொல்லும், ஒரு படுகொலையைச் சொல்லும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரால் சமூகங்களில் தோன்றிய அவநம்பிக்கை, மௌனம், பிறரில் தங்கியிருத்தல் போன்றவற்றைக் கூட்டு வடுவின் விளைவுகளாக எழுதினார். நடந்ததன் விளைவு என்றால் மாற்ற வழி தேடலாம். இயல்புக் குணம் என்று எழுதிவிட்டால் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

வினாக்கொத்தின் அளவுகோலே எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பதும் கேள்விதான். பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் மைக்கல் கர்வனும் குழுவும் செய்த ஆய்வு 2013இல் வந்தது. 632 பேரிடம் வினாக்கொத்தைக் கேட்டுப் பார்த்தபோது ஐந்து காரணிகள் என்ற அமைப்பே அங்கே தெளிவாகத் திரளவில்லை. பிறரோடு ஒத்துழைக்கும் தன்மை, ஊக்கமாக வேலை செய்யும் தன்மை என்ற இரண்டைச் சுற்றியே பதில்கள் கூடின. மாணவர்களிடமும் நகரவாசிகளிடமும் செப்பனிட்ட அளவுகோல் எல்லா இடத்துக்கும் அப்படியே செல்லும் என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இனி வியாபாரக் குணத்துக்கு வருவோம். புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தென்னிலங்கைச் சிறு நகரங்களிலும் கடை போட்டு நின்றார்கள் என்பது வரலாறு. அதற்கு இரத்தத்தில் கணக்கு ஓட வேண்டியதில்லை. சுண்ணக்கல் நிலம், உவர்க் கிணறு, ஒரு போக மழையை நம்பிய வயல். உழுது பிழைக்க வழியில்லாத இடத்தில் ஆட்கள் வெளியேறுவார்கள். முதலில் போனவர் கடை போட்டார். அவர் மருமகனைக் கூப்பிட்டார். மருமகன் பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டான். பத்து வயதிலிருந்து கடைமேசைக்குப் பின்னால் நின்று தராசு பிடித்தவன் கணக்கில் கெட்டிக்காரனாக வருவான். வல்வெட்டித்துறையில் பிறந்து அதே கடையில் நின்றிருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பான். 1983 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடைகளில் எத்தனையோ எரிந்தன. 1990, 1991 ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் ஊரும் வெறுமையாயிற்று. அதே ஆட்கள் அகதி முகாமில் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றார்கள். பிறவிக் குணம் அந்த வரிசையில் எங்கே போயிருந்தது?

தீவகம் என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அது ஒன்றா? ஊர்காவற்றுறை பழைய துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னி யானைகள் அங்கிருந்து கப்பலேறின. கத்தோலிக்கக் கோயில்களும் பாடசாலைகளும் அதன் முகத்தை அமைத்தன. நயினாதீவு யாத்திரைத் தலம். நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு யாழ்ப்பாணமும், நாகவிகாரைக்குத் தென்னிலங்கையும் வந்து இறங்கும் துறை. நெடுந்தீவில் கல்வேலிகளுக்குள் மாடும் பனையும், கரையில் மீன்பிடியும். ஒவ்வொரு தீவுக்குள்ளும் நிலமுள்ளவர், நிலமற்றவர், கடற்றொழிலாளர், சீவல் தொழிலாளர் என்று வேறு வேறு வாழ்க்கைகள். "தீவார் பிழைக்கத் தெரிந்தவர்கள்" என்ற பேச்சு கடை முதலாளியை மட்டும் பார்த்துவிட்டு, மூட்டை தூக்கியவனை எண்ணாமல் விட்டது.

தீவகத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் துறவியாகி, தமிழாராய்ச்சியை உலக அரங்குக்கு எடுத்துச் சென்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதற்கு அவரே காரணமானவர். புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்டோர் நன்னீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் சொந்த ஊரின் ஆதிக்கத்தோடு மோதிப் பொலிசாரின் அடியை வாங்கினார், 1973இல் இறந்தார். அதே ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் இடம்பெயர்ந்த வெறுங்கிராமத்தைக் கவிதையாக்கினார். இவர்களைச் சொன்னால் "விதிவிலக்கு" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர், "தளையசிங்கத்தின் பிடிவாதம் தீவாரின் பிடிவாதம்தானே" என்பார். இந்த இரண்டாவது பதிலில்தான் குட்டு வெளிப்படுகிறது. கடை போட்டால் தீவாரின் கெட்டித்தனம், கடையை வெறுத்தால் தீவாரின் பிடிவாதம். ஊருக்குக் கொடுத்தால் ஒற்றுமை, கொடுக்காவிட்டால் சிக்கனம். எதைச் செய்தாலும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்கவில்லை.

1948இல் உளவியலாளர் பேர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு தனிப்பட்ட குண அறிக்கை கொடுத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கைதான். கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். "உழைப்பாளி, சிக்கனம், பிடிவாதம், ஒற்றுமை" என்ற பட்டியலை வடமராட்சியாருக்கும் செட்டிநாட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்களைத்தான் சொல்கிறீர்கள் என்று அவர்களும் நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

எதிர்த்தரப்பிடம் உள்ள மிக வலுவான சான்று இத்தாலியிலிருந்து வருகிறது. கம்பேரியோ சியானியும் கூட்டாளிகளும் இத்தாலியச் சிறு தீவுகளையும் எதிர்க்கரையையும் ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தீவில் இருந்த குடும்பத்தவரிடம் கலகலப்பும் புதுமை நாட்டமும் சராசரியாகக் குறைவாக இருந்தன. அவர்கள் சொன்ன காரணம்: துணிந்தவர்கள் தலைமுறைதோறும் வெளியேறிவிட, ஒதுங்கி இருப்பவர்கள் தங்கினார்கள். அமெரிக்காவில் மாநிலவாரியாக ஆளுமைச் சராசரிகளை வரைபடமாக்கிய பீட்டர் ரென்ட்ஃபுரோவும், ஆட்கள் தெரிந்து இடம்பெயர்வதை ஒரு முக்கிய காரணமாகச் சொல்கிறார்.

இதை நான் மறுக்கவில்லை. இது யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். நம்மூர்ப் பேச்சில் தீவார் கடல் தாண்டும் துணிவுக்காரர். இத்தாலியில் தீவார் வீட்டைவிட்டு நகராதவர். ஒரே கடல் இரண்டு எதிர்க்குணங்களை ஊட்டியிருக்க முடியாது. அந்த ஆய்விலும் கடல் குணத்தை ஊட்டவில்லை. யார் போனார், யார் நின்றார் என்ற வடிகட்டல்தான் சராசரியை நகர்த்தியது. அந்த வடிகட்டல், மனமிருந்தால் போகலாம் என்ற நிலை உள்ள இடத்துக்கு உரியது. புங்குடுதீவிலும் வேலணையிலும் துணிந்தவரும் பயந்தவரும், கலகலப்பானவரும் ஊமையும் ஒரே கிழமையில் ஓடினார்கள். செல் விழுந்தபோது ஆளுமை பார்த்து விழவில்லை. பிறகு கனடா போனவரும் வன்னியில் நின்றவரும் பிரிந்தது பெரும்பாலும் காசு, உறவு, முகவர் ஆகியவற்றால்.

நம்முடைய தமிழ் மரபையே சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. ஐந்து திணைகளுக்கும் தனித்தனி உரிப்பொருள் வைத்தது தொல்காப்பியம், நெய்தலுக்கு இரங்கல். ஆகவே நிலம் குணத்தைத் தீர்மானிக்கும் என்று நம் முன்னோர் அன்றே கண்டார்கள் என்கிறார்கள். திணை மரபில் இரங்கல் என்பது நெய்தல்நிலப் பெண்ணின் பிறவிக் குணமாக எங்கே வருகிறது? தலைவன் வராத பொழுதில், அந்தக் கரையில், அந்த மாலையில் அவளுக்கு நேரும் நிலை அது. அவன் வந்தால் தீரும். திணைகள் மயங்கலாம் என்றும் இலக்கணம் இடம் விட்டிருக்கிறது. ஒருவரின் நடத்தையை இடமும் பொழுதும் உறவும் சேர்ந்து நிர்ணயிப்பதைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். 1968இல் உளவியலாளர் வோல்டர் மிஷெல் அமெரிக்காவில் புயல் கிளப்பியதும் இதை ஒட்டியே: பண்பு அளவுக்கும் ஒரு குறிப்பிட்ட தருணத்தின் நடத்தைக்கும் உள்ள தொடர்பு எண் 0.30ஐத் தாண்டுவது அரிது என்று அவர் காட்டினார். பல தருணங்களைக் கூட்டிப் பார்த்தால் பண்பு தெரிகிறது என்று பின்னர் பதில் வந்தது, அதுவும் உண்மை. கூட்டிப் பார்க்க வேண்டியது ஓர் ஆளின் பல தருணங்களை. பல ஆட்களைக் கூட்டி ஒரு முகம் வரைவது அந்த வேலையல்ல.

"புகழ்ச்சிதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஊருக்கும் சாதிக்கும் பிறவிக் குணம் கற்பிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர் பார்த்திருக்கிறார்கள். 1871இல் பிரித்தானிய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, சில சாதிகள் பிறப்பிலேயே களவுக் குணம் உள்ளவை என்று எழுதிவைத்தது. சென்னை மாகாணத்துக்கும் நீண்ட அந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3ஆம் திகதி பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆட்சி வேறு சில சாதிகளை வீரக் குணத்தவை என்று புகழ்ந்து பட்டாளத்துக்கு அள்ளிப் போர்முனைக்கு அனுப்பியது. இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள்.

தீவகத்தில் இந்தப் புகழ்ச்சிக்குக் கொடுக்கும் விலை சிறியதாகத் தெரிந்தாலும் நாள்தோறும் கொடுக்கப்படுகிறது. வியாபாரத்தில் தோற்ற தீவான் இரண்டு தரம் தோற்கிறான், ஒன்று சந்தையில், மற்றது தன் குணத்தில். படிக்கவோ பாடவோ விரும்பும் பிள்ளைக்கு "உனக்குக் கடைதான் கைவரும்" என்று பெரியப்பா முடிவு சொல்கிறார். கலியாணப் பேச்சில் ஒரு பெண்ணின் பொறுமையையும் கோபத்தையும் அவளைக் காணாமலே ஊர்ப் பெயரில் எடை போடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது "தாங்கும் சக்தி" என்ற புகழ். அதைக் கேட்கும் அதிகாரிக்கு மனம் லேசாகிறது. தீவார் உறுதியானவர்கள், சமாளிப்பார்கள் என்றால் இன்னொரு படகு அவசரமில்லை, வைத்தியர் அடுத்த வருடம் வரலாம், குடிதண்ணீரும் ஆறுதலாக வரலாம். ஒரு சமூகம் தாங்கவேண்டி வந்த வசதிக்கேட்டை அதன் குணமாக மாற்றிவிட்டால், வசதிக்கேட்டுக்குப் பொறுப்பானவர் யாரும் மிஞ்சுவதில்லை.

ஆகவே ஊர்ச்சங்க மலர்கள் அடுத்த முறை உவர்நிலம் உரமாக்கியதைப் பற்றி எழுதுமுன், அந்த உவர் நீரை இன்றும் யார் சுமக்கிறார், ஏன் சுமக்கிறார் என்று எழுதட்டும். பட்டறை நடத்துபவர் வினாக்கொத்தை நீட்டுமுன் அது எந்த ஊரில், யாரிடம் செப்பனிடப்பட்டது என்று சொல்லட்டும். ஒருவரின் குணம் தெரியவேண்டுமென்றால் அவரோடு பழகுங்கள், அவர் செய்ததைப் பாருங்கள், பல நாள் பாருங்கள். வள்ளுவரும் ஆளைத் தெளிவதற்கு அவரவர் செயலையே உரைகல்லாக வைத்தார். தீவகத்தைப் பற்றி எதையாவது தீர்க்கமாகச் சொல்லியே ஆகவேண்டும் என்பவருக்கு, அளந்து சொல்லக்கூடியவை நிறையவே இருக்கின்றன: படகு எத்தனை தரம் ஓடுகிறது, நன்னீர்க் கிணறு எத்தனை, இரவில் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். முதலில் அவற்றை அளந்து எழுதுங்கள்.